எறும்பு செத்த பால்

வளை வெட்டும்போது மண்வெட்டிக்கு முதலில் அகப்படுவது தாயெலிதான். ஆண் எலி எப்போதோ மறுவாசல் வழியாக வரப்புக்கு அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்திருக்கும். தாய் போகாது. குட்டிகளுக்குக் குறுக்கே நின்றுகொண்டு பல்லைக் காட்டும். காத்தவராயன் அதன் கழுத்தில் குச்சியை வைத்து ஒரே அமுக்காக அமுக்கினான். வாலைப் பிடித்துத் தூக்கிப் பின்னால் எறிந்தான். அவன் பெண்சாதி தைலம்மாள் அதை எடுத்துச் சட்டியில் போட்டாள்.

மாசி பிறந்து நாலு நாள். சிதம்பரத்துக்கு மேற்கே பண்ணை வயல்களில் சம்பா அறுப்பு முடிந்து வெறும் தாள் நின்றது. உலகச் சண்டை நடக்கிற காலம். அரிசிக்குக் கண்ட்ரோல் வந்து, கடையில் ஆளுக்கு இத்தனை என்று அளந்தார்கள்; அளந்ததிலும் கால்வாசி கல். அறுப்பு முடிந்த வயலில் எலி வளைக்குள் கிடக்கிற கதிர், வெட்டினவனுக்குச் சொந்தம் என்பது அந்தப் பக்கத்து வழக்கம். பண்ணைக் காரியஸ்தர் ராமாமிர்தம்கூட அதில் கை வைத்ததில்லை. எலி சேர்த்ததைத் தின்ன அவருக்குக் கூச்சம். காத்தவராயனுக்கு அந்தக் கூச்சமெல்லாம் கட்டுப்படியாகாது.

அன்றைக்கு வளையில் இரண்டு முறம் கதிர் கிடைத்தது. கதிருக்கு அடியில் ஏழு குட்டிகள். சிவப்பு மாறி, முதுகில் சாம்பல் தூவின மாதிரி மயிர் அரும்பியிருந்தது. கண் திறக்கவில்லை. காத்தவராயன் ஆறை வாரிச் சட்டியில் போட்டான். ஏழாவதை எடுத்துத் தைலம்மாள் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"அது எதுக்குடி?"

"இருக்கட்டும் மாமா."

"கொழம்புக்கு ஆவுறத முந்தானையில முடியுறா பாரு. வளத்துக் கட்டிக்குடுக்கப் போறியா?"

அவள் முடிச்சை இறுக்கினாள். அவளுடைய மார்ச் சேலை நனைந்து, காய்ந்து, மறுபடியும் நனைந்து கஞ்சி போட்டது போல விறைத்திருந்தது. குழந்தை செத்துப் பன்னிரண்டு நாள். பால் இன்னும் நிற்கவில்லை.

இரக்கப்பட்டு அவள் அந்தக் குட்டியை எடுக்கவில்லை. எலிக்கு இரக்கப்படுகிற வீட்டில் அவள் பிறக்கவும் இல்லை, வாழ்க்கைப்படவும் இல்லை. அவளுக்கு ஒன்று தெரியவேண்டும். தன் பால்தான் தன் பெண்ணைக் கொன்றதா என்று தெரியவேண்டும்.

அப்படித்தான் தெரு முழுக்கச் சொன்னார்கள். பெண் பிறந்து இருபத்தைந்தாம் நாளே தைலம்மாள் அறுப்புக்கு இறங்கினாள். இறங்காவிட்டால் அவளுடைய வரிசைக்கு வேறு ஆள் வந்துவிடும் என்று காரியஸ்தர் சொல்லியனுப்பியிருந்தார். காத்தவராயனின் அண்ணி மங்கலத்துக்குக் காலில் முள் ஏறிச் சீழ் வைத்திருந்ததால் அவள் அறுக்க வரவில்லை. வயலோரத்துப் பூவரச மரத்தடியில் தன் ஐந்து மாதப் பையனையும் தைலம்மாளின் பெண்ணையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நடுப்பகலில் பால் கொடுக்க வந்தபோது பெண் தூங்கிக்கொண்டிருந்தது. எழுப்பிப் பார்த்தாள், எழவில்லை. தூக்கத்திலேயே காம்பை வைத்தாள். இரண்டு வாய் இழுத்துவிட்டுத் தலையைச் சாய்த்துக்கொண்டது. பொழுது சாய வந்து பார்த்தபோது உதடு நீலம் பாரித்திருந்தது. முப்பத்தெட்டு நாள் குழந்தை. பெயர்கூட வைக்கவில்லை.

மறுநாள் மங்கலம்தான் ஆமணக்கு இலை கொண்டுவந்தாள். தைலம்மாளின் மாரைப் பீய்ச்சி இலையில் நாலு சொட்டு விட்டு, அதில் இரண்டு கட்டெறும்பைப் பிடித்துப் போட்டாள். பெண்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். எறும்புகள் காலை உதைத்தன, சுழன்றன, கொஞ்ச நேரத்தில் செத்தன. "கெட்ட பாலு," என்றாள் மங்கலம். பெண்கள் உச்சுக்கொட்டிவிட்டுக் கலைந்தார்கள். தண்ணீரில் போட்டாலும் எறும்பு சாகத்தான் சாகும். அதை அன்றைக்கு அங்கே ஒருத்தியும் சொல்லவில்லை.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. குடும்பத்துக்குப் பெரியவன் மங்கலத்தின் புருஷன் பழனிவேல். அவன் தம்பியைக் கூப்பிட்டு, தைலம்மாள் காதில் விழும்படியே சொன்னான்: "வெசப்பாலுக்காரி வயித்துல எத்தினி பொறந்தாலும் தங்காதுடா. மாசி மகத்துக்கு ஊர்ச்சனம் கடலூருக்குப் போவும். அதோட இவளயும் இட்டுகினு போயி அவ அண்ணங்கிட்ட வுட்டுட்டு வா. வைகாசியில வேற பாத்துக்கலாம்."

காத்தவராயன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. தைலம்மாளின் அண்ணன் கடலூர்த் துறைமுகத்தில் மல்லாட்டைக் கடலை மூட்டை தூக்குகிறவன். அவனுக்கே ஐந்து பிள்ளை. திரும்பி வந்த தங்கச்சிக்கு அங்கே வாசப்படிகூட மிச்சமில்லை.

குட்டிக்குக் கொட்டாங்கச்சியில் இலவம்பஞ்சு போட்டு அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தாள். பழந்துணியிலிருந்து ஒரு நூலை உருவித் திரித்து, மார்ப்பாலில் தோய்த்து, அதன் வாயருகே கொண்டுபோனாள். முதல் சொட்டு மூக்கில் ஏறிக் குட்டி தும்மியது. மூக்கில் நுரை கொப்பளித்தது. பயந்துபோய்த் தலைகீழாகப் பிடித்து ஊதினாள். படுக்கவைத்துக் கொடுத்தால் புரையேறுகிறது என்று அப்போதுதான் தெரிந்தது. நிமிர்த்திப் பிடித்து, திரி நுனியில் ஒரே ஒரு சொட்டு. அது நக்கி முடிக்கும்வரை காத்திருந்து இன்னொரு சொட்டு. விரலை விடச் சின்ன உயிர். ஆனால் திரியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டது.

மறுநாள் அதன் வயிறு வீங்கியது. கொட்டைப்பாக்கு மாதிரி திரண்டு, தோல் பளபளத்தது. மூத்திரம் போகவில்லை. தலையைத் தூக்கவும் இல்லை. தைலம்மாள் புருஷனைக் கூப்பிட்டாள்.

"மாமா, வீங்குது பாரு. வெசம் ஏறுது."

காத்தவராயன் எட்டிப் பார்த்தான். "எலி செத்தா எலி செத்துச்சி. அதுக்கு ஏன் இப்பிடி நடுங்கற?"

"எலி இல்ல மாமா. எம்பாலு."

அவன் பீடியை அணைத்துவிட்டு எழுந்து போய்விட்டான். அந்தப் பேச்சு வந்தாலே அவன் எழுந்து போய்விடுவான்.

அவள் குட்டியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பார்த்தபடியே இருந்தாள். பக்கத்து வீட்டு ஆடு குட்டி போட்ட அன்று, எழுந்து நிற்கவும் தெம்பில்லாமல் குட்டியின் பின்பக்கத்தை நக்கிக்கொண்டே கிடந்தது நினைவு வந்தது. நாய் நக்குகிறது, பூனை நக்குகிறது. எலி மட்டும் நக்காமலா இருக்கும்? துணி முனையை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, குட்டியின் அடிவயிற்றைப் பட்டும் படாமலும் தடவினாள். பத்துத் தடவை, இருபது தடவை. அப்புறம் அவள் விரலில் வெதுவெதுப்பாக ஒரு ஈரம் பட்டது. வயிறு மெல்ல வடிந்தது. அதைத் தன் சேலையில் துடைத்துக்கொண்டு அவள் அழுதாள். பெண் செத்தபோதுகூட அவ்வளவு சத்தமாக அழவில்லை.

பால் வற்றிப்போக மல்லிகைப் பூவை மாரில் வைத்துக் கட்டவேண்டும் என்பார்கள். சிதம்பரத்தில் கோயில் வாசல் பூக்காரியிடம் வாடின பூவை இரந்து வாங்கிக் காத்தவராயனே ஒரு பொட்டலம் கொண்டுவந்து கொடுத்தான். தைலம்மாள் கட்டிக்கொண்டதாகச் சொல்லிவிட்டுப் பூவைக் குப்பையில் போட்டாள். வேளைக்கு வேளை பீய்ச்சினாள். எலிக்கு வேண்டியது பத்துச் சொட்டு. மிச்சத்தை வேலிக்காலில் விட்டாள். பகலெல்லாம் கொட்டாங்கச்சி அவள் மடியில் இருந்தது. நெல் குத்தினாலும், சாணி தட்டினாலும், விறகு பொறுக்கினாலும் மடியில் இருந்தது.

தெருவில் கேலிக்குக் குறைச்சல் இல்லை. "தைலு, ஒம்மவனுக்கு எப்ப காது குத்து?" என்றார்கள். "தாய்மாமன் கடலூர்லேர்ந்து சீர் கொண்டாருவானா?" என்றார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு போனாள்.

ஆறாம் நாள் காத்தவராயன் தானாகவே பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். குட்டிக்கு மயிர் அடர்ந்துவிட்டது. காது நிமிர்ந்துவிட்டது. திரி வருகிற வாசனைக்கே முன்காலைத் தூக்கியது.

"இது செத்துட்டா என்னா பண்ணுவ?"

"மகம் வரைக்கும் காத்திருக்க மாட்டேன். கடலூருக்கு நானே நடந்து போயிடுறேன்."

"பொழச்சிட்டா?"

"நீதான் ஒங்க அண்ணங்கிட்ட பேசணும்."

"ம்," என்றான். அந்த ஒரு எழுத்தைப் பிடித்துக்கொண்டு அவள் இன்னும் நாலு நாள் பால் கொடுத்தாள்.

பதினோராம் நாள் காலையில் கண் திறந்தது. ஒரு கண் முதலில். கொஞ்ச நேரம் கழித்து மற்றது. மிளகு மாதிரி இரண்டு கறுப்பு. அது அவளைப் பார்த்ததா, அடுப்பைப் பார்த்ததா, அவளுக்குத் தெரியாது. கொட்டாங்கச்சியை எடுத்துக்கொண்டு காத்தவராயனிடம் ஓடினாள்.

"பாரு மாமா. வேற ஒண்ணும் குடுக்கல. தண்ணிகூடக் குடுக்கல. எம்பாலுதான். இப்ப போயி பேசு."

அவன் பார்த்தான். பிறகு தலையைச் சொறிந்தான். "எலியக் கையில புடிச்சிகினு போயி எங்கண்ணங்கிட்ட என்னான்னு பேசுறது? சிரிப்பாருடி."

"அன்னைக்கி ம்முன்னு சொன்னியே."

"சொன்னேன். எலி பொழைக்கும்னு எவன் கண்டான்?"

மகத்துக்கு இரண்டு நாள்தான் இருந்தது. அவளுடைய இரண்டு சேலையையும் ஒரு செம்பையும் அவனே மூட்டையாகக் கட்டி மூலையில் வைத்திருந்தான்.

அவள் குட்டியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். தண்ணீர் சேந்த வந்த பெண்கள் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். மங்கலமும் பையனை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நொண்டியபடி வந்திருந்தாள். பையன் பெயர் பூவராகன். ஐந்து மாதத்துக்குரிய சதை அவனிடம் இல்லை. கால்கள் பறங்கித் தண்டு மாதிரி தொங்கின. சீழ்க் காய்ச்சலில் மங்கலத்துக்குப் பால் வற்றி ஒரு மாதமாகிவிட்டது. கஞ்சித் தண்ணீரில்தான் அவன் ஓடிக்கொண்டிருந்தான்.

தைலம்மாள் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். "பத்து நாளா எம்பாலு குடிச்சது இது. கெட்ட பாலுன்னா இது கண்ணு தொறந்திருக்குமா? சொல்லுங்க."

பூவம்மாள் என்கிற நடுவயசுக்காரி குனிந்து பார்த்துவிட்டு, "நல்லாத்தான் கொழுத்திருக்குது," என்றாள்.

"எலி கொழுக்காம என்னா செய்யும்?" என்றாள் மங்கலம். "பாசாணம் வெச்சாலும் தின்னுட்டு மறுநாளு பல்லிளிச்சிகினு வர்ற சாதி. ஏண்டி தைலு, மனுசன் சாட்சி கெடைக்காம எலியக் கூட்டியாந்தியா?"

பெண்கள் சிரித்துவிட்டார்கள். அதற்குமேல் அங்கே எதுவும் செல்லாது. பூவம்மாளும் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். தைலம்மாள் கையை மூடி மடியில் வைத்துக்கொண்டு திரும்பினாள். பட்டினி கிடந்தவள் மாதிரி நடந்தாள்.

வீட்டில் நெருப்பு அணைந்துபோயிருந்தது. மத்தியானம் நெருப்பு வாங்க மங்கலத்தின் வீட்டுக்குத்தான் போகவேண்டியிருந்தது. மற்ற வீடுகளில் ஆள் இல்லை. மானத்தைப் பார்த்தால் அடுப்பு எரியாது. வாசலில் கோழிகள் சீய்த்துக்கொண்டிருந்தன. குனிந்து உள்ளே நுழைந்தாள்.

பூவராகன் கத்திக்கொண்டிருந்தான். கத்தல் என்றுகூடச் சொல்ல முடியாது, பூனைக்குட்டி முனகல். மங்கலம் ஒரு தகரச் செப்பைத் திறந்து, கறுப்பாக இருந்த ஒன்றை நகத்தால் கிள்ளி, சங்கில் இருந்த தண்ணீரில் கரைத்துக்கொண்டிருந்தாள். தைலம்மாளைப் பார்த்ததும் செப்பை மூடி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"என்னாக்கா அது?"

"மருந்து."

தைலம்மாள் பக்கத்தில் போய்ச் சங்கை மோந்தாள். அவளுடைய அப்பன் மூட்டை தூக்கி இடுப்பு ஒடிந்த பிறகு சாகிறவரை அதைத்தான் தின்றான். கசந்த அந்த வாடை அவளுக்கு மறக்காது. அபினி.

நெருப்புக்குக் கொண்டுவந்த வறட்டியைக் கீழே போட்டாள்.

"எம்பொண்ணுக்கும் குடுத்தியா?"

மங்கலம் பையனை மாற்றி மடியில் போட்டுக்கொண்டாள்.

"அன்னைக்கி பூவரச மரத்தடியில எம்பொண்ணுக்கும் இதக் குடுத்தியாக்கா?"

"ரெண்டுக்குந்தான் குடுத்தேன்," என்றாள் மங்கலம். குரலில் ஆத்திரம்தான் இருந்தது, வெட்கம் இல்லை. "நீ வரிசையில நிக்கற. ஒம்பொண்ணு மூச்சு வுடாம கத்துது. அத்தப் பாத்து இவனும் கத்துறான். அந்தக் காரியஸ்தன் கொடையப் புடிச்சிகினு வந்து நின்னுகினு, 'சத்தத்த அடக்குறியா, இல்ல இதும் ஆத்தாள வயல வுட்டு ஏத்தட்டுமா'ன்னான். நான் என்னாடி பண்ணுவேன்? கடுகு கணக்காத்தான் கிள்ளுனேன். எம்புள்ளைக்கும் அதே கடுகுதான். இவன் தாங்குனான். ஒம்பொண்ணு தாங்கல."

"அப்பறம் எறும்பப் புடிச்சாந்து போட்டியே."

மங்கலம் வாசலை எட்டிப் பார்த்தாள். "எம்புருசனுக்குத் தெரிஞ்சா என்ன வெட்டிப் போட்டுடுவாரு. இவனுக்கு யாரு இருக்கா?"

தைலம்மாளுக்கு அவளை அடிக்கவேண்டும் என்று இருந்தது. கையும் எழும்பியது. ஆனால் அந்த நேரம் பார்த்துப் பூவராகன் மறுபடி முனகினான். அந்தச் சத்தத்துக்கு அவளுடைய மார் இரண்டும் கடுத்து, இறங்கி, சேலையை நனைத்துக்கொண்டு வழிந்தது. உடம்புக்கு யார் பிள்ளை என்று தெரிவதில்லை. மங்கலம் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தாள்.

"தைலு," என்றாள். "கெட்ட பாலு இல்லடி. எனக்குத் தெரியும். எனக்குத்தான் தெரியும். ஒரு வாய் குடு. கதவச் சாத்திடறேன்."

தைலம்மாள் பையனை வாங்கினாள். எடை இல்லை. காய்ந்த கதிர்க்கட்டு அளவுகூட இல்லை. காலையிலேயே ஒரு தடவை அபினி கொடுத்திருக்கிறாள் என்பது அவன் கண் சொருகி நின்றதில் தெரிந்தது. இவன் இன்றைக்கு இருப்பானா, பொழுது சாய்வதற்குள் போவானா என்று யாரும் சொல்ல முடியாது. தன் மடியில் போனால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். அதற்கப்புறம் எறும்பு வேண்டாம், எலி வேண்டாம். கடலூர் அண்ணன்கூட வாசலில் சேர்க்கமாட்டான்.

அவள் எழுந்து வெளியே போனாள். தெருவைப் பார்த்து வாசற்படியில் உட்கார்ந்து, சேலையை விலக்கி, பையனை மாரில் போட்டாள்.

"அடியே, உள்ள வா! யாராச்சும் பாத்துடுவாங்க," என்று மங்கலம் பின்னாலிருந்து தோளைப் பிடித்து இழுத்தாள்.

"பாக்கட்டும்."

பையன் குடிக்கவில்லை. காம்பு வாயில் கிடந்தது, உதடு அசையவில்லை. அவன் தாடையை விரலால் அழுத்திப் பாலை உள்ளே பீய்ச்சினாள். ஒரு சொட்டு, காத்திருந்தாள். இன்னொரு சொட்டு. தொண்டை ஏறி இறங்கியது.

வயலிலிருந்து கூழுக்குத் திரும்பின பெண்கள் முதலில் இரண்டு பேர் நின்றார்கள். அப்புறம் ஐந்து பேர். கிணற்றடியில் சிரித்தவர்கள்தான். இப்போது யாரும் சிரிக்கவில்லை. பூவம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"யாருடி இவளக் குடுக்கச் சொன்னது?"

மங்கலம் வாசற்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தெருவின் இரண்டு கோடியையும் பார்த்தாள். பழனிவேல் வரவில்லை.

"நாந்தான்," என்றாள்.

"கெட்ட பாலுன்னியே?"

மங்கலம் அதற்குப் பதில் சொல்லவில்லை. தைலம்மாளும் சொல்லச் சொல்லி அவளைக் கேட்கவில்லை. பூவம்மாள் ஒருத்தியைப் பார்த்தாள், மற்றவளைப் பார்த்தாள். பிறகு, "பொழுது சாயற மட்டும் பாப்போம்," என்று சொல்லிவிட்டு எதிரே மண்ணிலேயே குந்திக்கொண்டாள். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். அன்றைக்கு ஆமணக்கு இலையைச் சுற்றி நின்றவர்கள் இன்றைக்குப் பிள்ளையைச் சுற்றி உட்கார்ந்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

வெயில் கூரை விளிம்பிலிருந்து இறங்கி அவள் காலுக்கு வந்தது. படியில் உட்கார்ந்த அவசரத்தில் மடி அவிழ்ந்து கொட்டாங்கச்சி உருண்டது அவளுக்குத் தெரியாது. பஞ்சிலிருந்து வெளியே வந்த குட்டி, கண் கிடைத்த முதல் நாள் அல்லவா, வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு வாசல் மண்ணில் தட்டுத்தடுமாறி நாலடி நடந்தது. பெட்டைக்கோழி ஒன்று தலையைச் சாய்த்துப் பார்த்தது.

தைலம்மாள் பார்த்துவிட்டாள். "சூ!" என்றாள். கோழி கேட்கவில்லை. ஒரே கொத்து. கவ்விக்கொண்டு ஓடியது, மற்ற கோழிகள் பிடுங்கப் பின்னால் ஓடின. உட்கார்ந்திருந்தவர்களில் ஒரு சின்னப் பெண், "ஐயோ, எலி போச்சே," என்றாள். யாரும் எழுந்திருக்கவில்லை.

தைலம்மாளும் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் காம்பு நழுவிவிடும். அந்த நேரம்தான் பையனின் தாடை, அவள் விரல் இல்லாமலே, தானாக அசையத் தொடங்கியிருந்தது. ஒரு வாய். நிறுத்தினான். இன்னொரு வாய். பிறகு திடீரென்று வாயை எடுத்துவிட்டு, முகம் சிவக்க வீறிட்டுக் கத்தினான். தெருக்கோடி வரை கேட்கிற கத்தல்.

மங்கலத்தின் கை பழக்கத்தில் இடுப்புச் செப்புக்குப் போயிற்று.

"அதத் தொட்ட, கைய ஒடிச்சிடுவேன்," என்றாள் தைலம்மாள், திரும்பிப் பார்க்காமல். பையனைத் தூக்கி அடுத்த மாருக்கு மாற்றினாள். அவன் தேடிப் பிடித்துக்கொண்டான்.